ஆறு சந்தாவை ஒன்றாக்கினால் கடன் குறையுமா?

கேள்வி: ஐயா, கோத்தகிரி பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். வயது 43. கைக்கு வரும் சம்பளம் 32,000. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, அவருக்கு 14,000. பெண் பத்தாவது, பையன் ஏழாவது. சொந்த வீடு. பிராட்பேண்ட் மாதம் 589, டிஷ் ரீசார்ஜ் 350. இது போக ஆறு ஓடிடி சந்தா. எங்கள் நெட்ஃபிளிக்ஸ் 499, அக்கா மகனுக்காக எடுத்த இன்னொரு நெட்ஃபிளிக்ஸ் 199, பிரைமும் ஜியோஹாட்ஸ்டாரும் ஆண்டுக்குத் தலா 1,499, தமிழ் ஆப் இரண்டுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 2,400. டிஷ் தவிர எல்லாமே கிரெடிட் கார்டில் தானாகப் போய்விடும்.

இன்டர்நெட், சேனல், ஓடிடி எல்லாம் ஒரே கனெக்‌ஷனில் 899 ரூபாய்க்கு, ஜிஎஸ்டி தனி, என்று ஒரு திட்டம் வந்திருக்கிறது. விவரத்தாளை இணைத்திருக்கிறேன். ஆறு மாதப் பணத்தை முன்பே கட்ட வேண்டும். அதையும் கார்டில் போட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். மாறினால் மாதம் ஆயிரம் மிச்சமாகும், அதைக் கொண்டு கார்டு கடனை அடைக்கலாம் என்பது என் திட்டம். கார்டில் 64,000 பாக்கி. மினிமம் டியூ, அதாவது குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை, 3,200தான், நான் 3,500 கட்டுகிறேன். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. ஆனாலும் பாக்கி குறைய மாட்டேன் என்கிறது. 2024 தீபாவளிக்கு மேட்டுப்பாளையம் மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், என் கார்டில் 48,000க்கு டிவி எடுத்தார். 12 மாத இஎம்ஐ. மூன்று தவணை கொடுத்தார், அதற்கப்புறம் தரவில்லை. புதுக் கனெக்‌ஷன் எடுத்தால் அவர்கள் வீட்டிலும் லாகின் போட்டுக்கொள்ளலாமா என்று இப்போதே கேட்கிறார். பெண்ணின் காலேஜுக்காக மாதம் 2,000 ஆர்.டி. கட்டி 42,000 சேர்ந்திருக்கிறது. மாறலாமா?

பின்குறிப்பு: குன்னூரில் தெரிந்தவர் ஒருவர் எல்லா ஓடிடியும் வரும் பாக்ஸ் ஒன்றை ஆண்டுக்கு 1,200க்குத் தருகிறார். அது எப்படி?

பதில்: மாறலாம். மிச்சமும் உண்டு. ஆனால் கார்டு பாக்கி இதனால் குறையாது. நீங்கள் கேட்ட கேள்வி டிவியைப் பற்றியது. கடிதத்தில் வலிக்கிற இடம் வேறு.

முதலில் அந்த ஆயிரத்தைப் பார்த்துவிடுவோம். ஆண்டுச் சந்தாக்களை மாதமாக்கிப் போட்டால் இன்று உங்கள் செலவு சுமார் 2,090. புதுத் திட்டம் ஜிஎஸ்டியோடு 1,061. கழித்தால் ஆயிரத்துச் சொச்சம் வருகிறது, உங்கள் கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. ஆனால் நீங்கள் அனுப்பிய விவரத்தாளில் நெட்ஃபிளிக்ஸ் இல்லையே. பிரைம் என்று போட்டிருப்பதும் ‘பிரைம் லைட்’. இந்த மாதிரித் திட்டங்களில் ‘இலவச ஓடிடி’ என்ற பட்டியலில் வருவது பெரும்பாலும் அந்தந்த ஆப்பின் கீழ்த்தட்டுத் திட்டம்தான். வீட்டில் ஏழாவது படிக்கும் பையனை வைத்துக்கொண்டு நெட்ஃபிளிக்ஸை அடியோடு விட்டுவிடுவீர்கள் என்று நான் நம்பவில்லை. 199 திட்டத்துக்கு இறங்கினால் மாத மிச்சம் 830. 499ஐயே வைத்துக்கொண்டால் 530. அதிலும் பிரைம், ஹாட்ஸ்டார், தமிழ் ஆப்களுக்கு இந்த ஆண்டுப் பணம் ஏற்கெனவே போய்விட்டது. அவை முடியும்வரை அந்தப் பங்கு மிச்சமே கிடையாது. ஆக, முதல் சில மாதங்களுக்கு 199 நெட்ஃபிளிக்ஸோடு சேர்த்துப் பார்த்தாலும் கையில் நிற்பது நானூறுக்குள்தான்.

சரி, இப்போது கார்டுக்கு வருவோம்.

மினிமம் டியூவைவிட 300 கூடவே கட்டுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் கொஞ்சம் பெருமையும் தெரிகிறது. உங்கள் பில்லில் வட்டி மாதம் 3.5 சதவீதம். 64,000க்கு 2,240. வட்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அது ஒரு 403. இரண்டும் சேர்ந்து 2,643. நீங்கள் கட்டும் 3,500இல் அசலுக்குப் போவது 857 மட்டும். அதே மாதம் பிராட்பேண்டும் இரண்டு நெட்ஃபிளிக்ஸும் சேர்ந்து 1,287ஐ அதே கார்டில் ஏற்றுகின்றன. 857 இறங்குகிறது, 1,287 ஏறுகிறது. தவறாமல் கட்டும் மாதத்திலேயே கடன் 430 ரூபாய் கூடுகிறது. ஆண்டுச் சந்தா புதுப்பிக்கும் மாதத்தில் கேட்கவே வேண்டாம். இப்படியே விட்டால் அடுத்த வருடம் இதே நேரம் பாக்கி 75,000ஐத் தாண்டியிருக்கும். அதுவும் நீங்கள் ஒரு சட்டைகூட வாங்காமல்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கார்டுக்கு 45 நாள், 50 நாள் வட்டி இல்லை என்பார்களே, அந்தச் சலுகை முந்தைய பில்லை முழுதாகக் கட்டியவருக்குத்தான். பாக்கி வைத்திருப்பவருக்குப் புதிதாக ஏறும் 499க்கும் ஏறிய நாளிலிருந்தே வட்டி. நீங்கள் படம் பார்ப்பது கடனில், அதுவும் ஆண்டுக்கு 42 சதவீத வட்டியும் வரியும் உள்ள கடனில்.

இதைப் புரியவைக்க உங்களுக்கு வெளியிலிருந்து உதாரணம் தேவையில்லை. ஃபேக்டரியில் பச்சைத் தேயிலைக் கணக்கு எழுதுகிறீர்கள். அட்வான்ஸ் வாங்கிய விவசாயி மாதாமாதம் இலை போடுவார், பிடித்தமும் நடக்கும், ஆனால் அந்த மாதமே மருந்துக்கும் உரத்துக்கும் மறுபடி அட்வான்ஸ் வாங்கிவிடுவார். அவர் பெயருக்கு நேரே உள்ள பாக்கி வருடக்கணக்கில் அப்படியே நிற்கும். அந்தப் பக்கத்தை எழுதும்போது உங்களுக்கே அவர்மேல் கோபம் வந்திருக்கும். உங்கள் கார்டு பில்லும் அதே பக்கம்தான்.

இந்த நிலையில் ஆறு மாத முன்பணத்தை, 899ஐ ஆறால் பெருக்கி வரி சேர்த்தால் 6,365 ரூபாயை, அதே கார்டில் போடப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். மிச்சம் பிடிக்க எடுக்கும் கனெக்‌ஷனுக்கு முதல் நாளிலிருந்தே வட்டி கட்டுவதில் என்ன மிச்சம்?

அடுத்தது மாமா. இதைப் பற்றித்தான் நீங்கள் கடிதத்தில் வேகமாக எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். மாதம் 4,000 வீதம் மூன்று தவணை என்றால் வந்தது 12,000. மீதி 36,000 உங்கள் 64,000க்குள் உட்கார்ந்திருக்கிறது. வட்டியும் அதன் வரியும் சேர்த்து அதன் மாதச் சுமை சுமார் 1,490. மேட்டுப்பாளையத்தில் ஓடும் டிவிக்குக் கோத்தகிரியிலிருந்து மாதம் 1,490. கனெக்‌ஷன் மாற்றி நீங்கள் பிடிக்கப்போகும் மிச்சத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ என்று சொல்லி எடுத்திருப்பார். யாருக்கு நோ காஸ்ட் என்று கடையில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அக்கா வீட்டுக்காரரிடம் மறுத்துப் பேசுவது நம் வீடுகளில் எவ்வளவு சங்கடம் என்பது எனக்குத் தெரியும். அதனால் மாமாவிடம் சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. அக்காவிடம் நேரில் உட்கார்ந்து கார்டு பில்லைக் காட்டுங்கள். அக்காவுக்கு இந்த 36,000 தெரியாமலே இருக்கலாம். மாதம் 3,000 வீதம் உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். வந்தால் நல்லது. வராவிட்டால் அதை வரவேண்டிய பணம் என்று மனதில் வைத்துக்கொண்டே எந்தத் திட்டமும் போடாதீர்கள். நான் கீழே சொல்லும் கணக்கில் அந்தப் பணம் ஒரு ரூபாய்கூட இல்லை.

அவர் கேட்கும் லாகின் விஷயம் எளிது. இந்த மாதிரி இணைப்பில் சேனல்கள் அந்த நிறுவனத்தின் சொந்த லைன் வழியாக, உங்கள் வீட்டில் வைக்கும் பாக்ஸுக்கு வருபவை. மேட்டுப்பாளையத்தில் உட்கார்ந்து லாகின் போட்டால் சேனல் ஓடாது. ஓடவில்லை என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி என்ன வரும் என்று நானே சொல்லிவிடுகிறேன்: “அப்போ உன் பேர்லயே எங்களுக்கும் ஒரு கனெக்‌ஷன் போட்டுடேன்.” 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய டிவியைக் கொடுத்துவிட்டுப் பெரிசாக எடுக்கலாம் என்ற பேச்சும் கூடவே வரும். இரண்டுக்கும் இப்போதே பதிலைத் தயார் செய்து வையுங்கள்.

அக்கா மகனின் 199ஐ இந்த மாதமே நிறுத்துங்கள். ஒரே கணக்கை வேறு வீட்டில் பகிர்வதற்கு 2023 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ் இங்கே தடை போட்டது. அந்த நேரத்தில்தான் இந்தத் தனிச் சந்தா முளைத்திருக்கும் என்று ஊகிக்கிறேன். தாய்மாமன் சீர் செய்ய வேண்டிய நாள் வரும்போது மனம் நிறையச் செய்யுங்கள். மாதாமாதம் கடன் வாங்கி மருமகனுக்குப் படம் காட்டுவது சீர்வரிசையில் சேராது.

இனி செய்ய வேண்டியது. ஆர்.டி.யை உடையுங்கள். பெண்ணின் காலேஜ் பணத்தில் கை வைக்கச் சொல்கிறேனே என்று மனைவி கோபப்படலாம். இந்தப் பக்கத்தை அவரையும் படிக்கச் சொல்லுங்கள். ஆர்.டி. தருவது ஆறு, ஆறரை சதவீதம். கார்டு வாங்குவது 42. முன்கூட்டி முடிப்பதற்கு வங்கி ஒரு சதவீதம் அளவுக்கு வட்டியைக் குறைக்கும், போகட்டும். 42,000ஐயும் ஒரே நாளில் கார்டில் கட்டினால் பாக்கி 22,000.

அதே நாளில் கார்டில் உள்ள எல்லாத் தானியங்கிப் பிடித்தங்களையும் ரத்து செய்யுங்கள். டிவியிலிருந்து ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது. ஒவ்வொரு ஆப்பின் கணக்குக்குள்ளும் போய் ரத்து செய்ய வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு உங்களுக்குத் தகவல் வரவேண்டும். 2021 அக்டோபரிலிருந்து இது நடைமுறை. அந்த எஸ்எம்எஸ்ஸை நாம் எல்லோரும் படிக்காமல் தள்ளிவிடுகிறோம். அதிலேயே நிறுத்துவதற்கான வழி இருக்கும். பிரைம், ஹாட்ஸ்டார், தமிழ் ஆப்களுக்கு அடுத்த ஆண்டுப் புதுப்பிப்பை மட்டும் அணைத்தால் போதும். கட்டிய காலம்வரை பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் மாதச் செலவு. இப்போது கார்டுக்கு 3,500, ஆர்.டி.க்கு 2,000, டிஷ்ஷுக்கு 350 என்று 5,850 கையை விட்டுப் போகிறது. இதற்கு மேல் ஒரு ரூபாய் போட வேண்டாம். பிராட்பேண்ட் 589ஐ வங்கிக் கணக்கிலிருந்து நேராகக் கட்டுங்கள். கார்டுக்கு 5,000. டிஷ் ரீசார்ஜையும் நெட்ஃபிளிக்ஸையும் ஐந்து மாதம் நிறுத்தி வையுங்கள். வீடு இருண்டுவிடாது. நான்கு ஆப்களுக்குப் பணம் கட்டியாகிவிட்டது, சீரியலும் கிரிக்கெட்டும் அவற்றிலேயே வரும். பத்தாவது படிக்கும் பெண் இருக்கும் வீட்டில் இதை யாரும் பெரிய தியாகம் என்று சொல்ல மாட்டார்கள்.

22,000 பாக்கிக்கு முதல் மாத வட்டி வரியோடு 909. 5,000 கட்டினால் 17,909. அடுத்த மாதம் 13,650 அளவு. பிறகு 9,200, பிறகு 4,600. ஐந்தாம் மாதம் வட்டி சேர்த்து 4,800க்குள் கட்டினால் கணக்கு பூஜ்யம். ஐந்து மாதத்துக்கும் சேர்த்து நீங்கள் கட்டும் வட்டி 2,800க்குள்தான். இப்போது அதைவிடக் கொஞ்சம்தான் குறைவாக ஒரே மாதத்தில் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

பூஜ்யமானதும் கார்டை மூடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். பாக்கி இல்லாத கார்டை, கேட்ட 7 வேலை நாளுக்குள் வங்கி மூட வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. கார்டு வைத்துக்கொள்வது நல்லது, கடன் தகுதியைக் காட்டும் கிரெடிட் ஸ்கோர் ஏறும் என்று யாராவது சொல்வார்கள். முழுத்தொகையும் கட்டுகிறவருக்கு அது சரி. உங்கள் விஷயத்தில் கார்டு கையில் இருக்கும்வரை மாமாவிடம் ‘இல்லை’ என்று சொல்ல வராது. மூடிவிட்டால் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, “கார்டு இல்லை மாமா” என்பது உண்மையாகவே இருக்கும்.

ஆறாம் மாதத்திலிருந்து 899 திட்டத்துக்கு மாறுங்கள். அதற்கு 1,061, ஆசைப்பட்டால் நெட்ஃபிளிக்ஸ் 199, ஆர்.டி.க்கு 4,500. கூட்டினால் 5,760, பழைய 5,850க்குள் அடங்கிவிடுகிறது. ஆண்டு முடியும்போது கார்டு பாக்கி இல்லாமல் ஆர்.டி.யில் 31,500 இருக்கும். இன்றைய வழியிலேயே போனால் ஆர்.டி.யில் 66,000 இருக்கும், கார்டில் அதைவிட ஒன்பதாயிரத்துக்கு மேல் கடனும் இருக்கும். எது பெண்ணின் காலேஜுக்கு உதவும் என்று மனைவியே சொல்லட்டும்.

மாறும்போது மலையில் இருப்பவர் பார்க்க வேண்டியது சிலது உண்டு. பிஎஸ்என்எல் தன் ஃபைபர் வழி டிவியை 2024 அக்டோபரில் தமிழ்நாட்டிலும் மத்தியப் பிரதேசத்திலும்தான் முதலில் தொடங்கியது. ஏர்டெல் 2025 மார்ச்சில் வந்தது. கம்பி இல்லாமல் சிக்னலில் வரும் ஜியோ ஏர்ஃபைபர் 2023 செப்டம்பரிலேயே வந்துவிட்டது. இதில் எது மலிவு என்பதைவிட எது உங்கள் வீட்டுக்கு நிலையாக வருகிறது என்பதுதான் கேள்வி. ஃபைபர் கம்பத்தின் மேல் வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கோத்தகிரி சாலையில் ஒரு மரம் சாய்ந்தால் நெட்டும் போகும், டிவியும் போகும், பெண்ணின் ஆன்லைன் வகுப்பும் போகும். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு இதே கதை ஆடி மழையில். ஏர்ஃபைபர் என்றால் 5ஜி சிக்னல் வேண்டும், சரிவுக்குக் கீழே இருக்கும் வீட்டுக்கு அது கிடைக்கிறதா என்று மொபைலை வைத்தே முதலில் பார்த்துவிடலாம். அதே லைன் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் போன மழைக்கு எத்தனை நாள் போனது, ஆள் வந்து சரிசெய்ய எத்தனை நாள் ஆனது என்று கேளுங்கள். விற்க வந்தவர் சொல்லும் பதிலைவிட அது பத்து மடங்கு பயன்படும்.

ஆறு மாத முன்பணத்தை எனக்குப் பிடிக்கவில்லை. மாதக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். கொஞ்சம் கூடினாலும் அதையே எடுங்கள். லைன் அடிக்கடி போனால் அடுத்த மாதம் விலகிக்கொள்ளலாம். முன்பணம்தான் வேண்டும் என்றால், லைன் இல்லாத நாட்களுக்குப் பணம் கழிப்பார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பவர் போனால் மோடம், பாக்ஸ் இரண்டும் நிற்கும் என்பதால் யுபிஎஸ்ஸில் அவற்றுக்கும் இடம் வேண்டும்.

கூரையில் இருக்கும் டிஷ்ஷைக் கழற்ற விடாதீர்கள். பாக்ஸ் ஒன்று வாங்கி டிஷ்ஷின் திசையைத் திருப்பினால் டிடி ஃப்ரீ டிஷ் மாதக் கட்டணம் இல்லாமல் வரும். டிடி தமிழ் தவிரத் தமிழில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். லைன் அறுந்த நாளில் செய்தி பார்க்க அது போதும். பெருமழையில் அதுவும் கொஞ்சம் திணறும்தான்.

குன்னூர் நண்பரின் 1,200 ரூபாய் பாக்ஸைப் பற்றி: பல நிறுவனங்கள் தனித்தனியாக ஆயிரக்கணக்கில் விற்பதை ஒருவர் மாதம் நூறு ரூபாய்க்குத் தருகிறார் என்றால் அவர் அதை யாரிடமும் காசு கொடுத்து வாங்கவில்லை. அது திருட்டு ஒளிபரப்பு. ஒருநாள் சர்வர் நின்றுவிட்டால் பில்லும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. அதைவிட மோசம், அவர் மொபைலில் ஏற்றச் சொல்லும் ஏபிகே ஃபைல். பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வரும் ஆப் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டு, நீங்களும் கொடுத்துவிட்டால், வங்கி ஓடிபி அதன் கைக்குப் போய்விடும். சம்பளக் கணக்கு இருக்கும் போனில் அதை ஏற்ற வேண்டாம். நண்பர் ஏற்கெனவே ஏற்றிக் கொடுத்திருந்தால் இன்றைக்கே நீக்கிவிட்டு, வங்கி ஆப்பின் பின் நம்பரையும் மாற்றுங்கள்.